தனுஷ்கோடி ஸ்டேஷனைக் கடந்து போனவர்கள்

(மதுரையில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச வந்திருப்பது ஓர் இடிந்துபோன ரயில் நிலையத்தைப் பற்றி. தனுஷ்கோடி ஸ்டேஷன். உங்களில் பலர் அங்கே போயிருப்பீர்கள். 2017இல் அரிச்சல்முனை வரைக்கும் சாலை போட்ட பிறகு, மதுரையிலிருந்து விடிகாலையில் கிளம்பினால் ராத்திரிக்குள் வீடு திரும்பிவிடலாம். இடிந்த தேவாலயத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்திருப்பீர்கள். பக்கத்திலேயே மொட்டைச் சுவராக நிற்பதுதான் ஸ்டேஷன்.

அங்கே போகிறவர்களுக்கு இரண்டு கதைகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, ராமர் வில் முனையால் பாலத்தை உடைத்த புராணக் கதை. இன்னொன்று, 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலின் கதை. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஊரும் அழிந்தது.

இரண்டாவது கதை நடந்த கதை. இறந்துபோன அந்த மக்களுக்காக நாம் வருந்தத்தான் வேண்டும். ஆனால் ஒரு ஸ்டேஷனின் வரலாறு என்றால் அது அழிந்த ஒற்றை இரவின் வரலாறு மட்டும்தானா? 1914இலிருந்து 1964 வரை ஐம்பது ஆண்டுகள் அந்த ஸ்டேஷன் இயங்கியிருக்கிறது. அந்த ஐம்பது ஆண்டுகளில் அதன் வழியாகப் போனவர்கள் யார்? எதற்காகப் போனார்கள்? அவர்களிடம் இருந்த டிக்கெட் எப்படிப்பட்டது? இந்தக் கேள்விகளைக் கேட்டால் தனுஷ்கோடியின் கதை மதுரையிலும் ராமநாதபுரத்திலும் திருச்சியிலும் இருக்கிற சேரிகளிலிருந்து தொடங்கும்.

முதலில் அந்தப் பாதை எதற்காகப் போடப்பட்டது என்று பார்ப்போம். தென்னிந்திய ரயில்வே 1902இல் மதுரையிலிருந்து மண்டபம் வரை தண்டவாளம் போட்டது. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, ரயில் தனுஷ்கோடித் துறை வரை போனது. அங்கே இறங்கினால் கப்பல். ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடலைத் தாண்டினால் தலைமன்னார். அங்கிருந்து கொழும்புக்கு ரயில். சென்னையில் ஒரே டிக்கெட் எடுத்துக்கொண்டு கொழும்பு வரை போகலாம். போட் மெயில் என்ற பெயர் அப்படி வந்ததுதான். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் நம்மவர்களுக்குப் பெருமை பொங்குகிறது. கடலுக்கு நடுவே இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குப் பாலம், கப்பல் வந்தால் திறந்து வழிவிடும் நடுப்பகுதி, எப்பேர்ப்பட்ட பொறியியல் என்று வியக்கிறோம். வியக்கலாம், தவறில்லை. ஆனால் இவ்வளவு பணத்தைக் கடலில் கொட்டியது யாத்திரிகர்களுக்காக மட்டும் அல்ல. இலங்கையின் மலைகளில் வெள்ளைக்காரத் துரைமார்களின் தேயிலைத் தோட்டங்கள் இருந்தன. அந்தத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். ஆள் இருந்த இடம் நம்முடைய வறண்ட சீமை.

பாலம் வருவதற்கு முன்னாலும் ஆள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். காபித் தோட்டக் காலத்திலேயே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து, நம் மக்கள் தோணியில் மன்னார் கரைக்குப் போய், அங்கிருந்து காட்டு வழியாகக் கண்டிச் சீமைக்கு நடந்தார்கள். காலராவிலும் அம்மையிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்களின் கணக்கு யாரிடமும் முழுமையாக இல்லை. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் நம் ஊர்களைச் சூறையாடியபோது அந்தக் கூட்டம் இன்னும் பெருகியது. பஞ்சத்தில் முதலில் சாகிறவர் யார்? நிலம் இல்லாதவர். நிலம் இல்லாதவர் யார் என்று இந்த அரங்கில் நான் விளக்க வேண்டியதில்லை.

இலங்கைக்குப் போன தோட்டத் தொழிலாளர்களில் பெரும் பகுதியினர் பள்ளர், பறையர், சக்கிலியர் என்று ஊர் ஒதுக்கிவைத்த மக்கள். மற்ற உழைக்கும் சாதிகளைச் சேர்ந்தவர்களும் போனார்கள். ஆள் சேர்த்துக்கொண்டு போன பெரிய கங்காணி பெரும்பாலும் தொழிலாளர்களைவிட மேல்சாதிக்காரராக இருந்தார். அவர் ஊருக்கு வருவார், முன்பணம் கொடுப்பார். அந்தப் பணம் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறும். ஒரு தோட்டத்தைவிட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் கடன் தொகை எழுதிய ‘துண்டு’ வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். ஆளை விற்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1921இல்தான்.

இப்போது டிக்கெட்டுக்கு வருகிறேன். போட் மெயிலில் போன வியாபாரியிடமும் அதிகாரியிடமும் துரையிடமும் காகித டிக்கெட் இருந்தது. தோட்டத் தொழிலாளிகளுக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகுத்தப்பட்டது டின் டிக்கெட். ஒரு தகர வில்லை. அதில் எந்தத் தோட்டத்துக்குரிய ஆள் என்பதைக் காட்டும் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். வழியில் இருக்கிற அதிகாரிகள் அந்த எண்ணைப் பார்த்து அடுத்த இடத்துக்கு அனுப்புவார்கள். வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டு, கடைசியில் தொழிலாளியின் கடனில் வந்து நிற்கும். பெயர் சொல்லிக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. பார்சலுக்கு முகவரி ஒட்டுகிறோமே, அதேதான். ஒரே கடலைக் கடந்தவர்களில் ஒருவர் டிக்கெட்டைக் கையில் வைத்திருந்தார், இன்னொருவருடைய டிக்கெட் அவர் கழுத்தில் தொங்கியது. தனுஷ்கோடி வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த வித்தியாசத்திலிருந்துதான் எழுத வேண்டும் என்பது என் கருத்து.

தனுஷ்கோடிக்கு முன்னால் மண்டபம் வரும். அங்கே இலங்கை அரசு இந்திய மண்ணிலேயே ஒரு முகாமை நடத்தியது. ஆள் சேர்க்கும் வேலைக்காக 1904இல் அமைக்கப்பட்ட சிலோன் லேபர் கமிஷனுக்குத் திருச்சியில் தலைமை அலுவலகம் இருந்தது. அங்கிருந்து கீழே ஊர் ஊராக ஏஜென்சிகள். சேர்த்த ஆட்களை மண்டபத்தில் இறக்கிச் சில நாட்கள் அடைத்துவைப்பார்கள். உடுப்புகளை மருந்து நீராவியில் போட்டு எடுப்பார்கள். அம்மை குத்துவார்கள், உடம்பைச் சோதிப்பார்கள். தொற்றுநோயைத் தடுப்பது நியாயம்தானே என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் கிருமி வகுப்புப் பார்த்து ஏறுவதில்லை. முதல் வகுப்பில் போன துரைக்கு இந்த முகாம் வாசம் இல்லை. மண்டபம் கேம்ப் என்ற பெயர் இன்றைக்கும் அந்த ஊருக்கு இருக்கிறது. அது எந்தக் கேம்ப் என்று நாம் கேட்பதில்லை.

தோழர்களே, ரயில் வந்தால் சாதி போய்விடும் என்று நம்பியவர்கள் உண்டு. 1853இலேயே கார்ல் மார்க்ஸ், ரயில்வே கொண்டுவரும் நவீனத் தொழில் இந்தியாவின் பரம்பரைத் தொழில் பிரிவினையை, அதாவது சாதியின் அடித்தளத்தைக் கரைத்துவிடும் என்று எழுதினார். அதில் பாதி உண்மை இருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பெட்டியில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்பதை ஊர்க் கட்டுப்பாட்டால் முழுதாகத் தடுக்க முடியவில்லை. மறு பாதியை நமக்குச் சொன்னவர் அண்ணல் அம்பேத்கர். 1901இல், ஒன்பது பத்து வயதுச் சிறுவனாக, தந்தையைப் பார்க்கப் போகும் வழியில் மசூர் என்ற ஸ்டேஷனில் இறங்குகிறார். நல்ல உடை உடுத்திய பிள்ளைகளைப் பார்த்துப் பரிவோடு பேசிய ஸ்டேஷன் மாஸ்டர், மகர் சாதி என்று கேட்டதும் முகம் மாறிப் பின்வாங்குகிறார். வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியையும் பிள்ளைகளே ஓட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. ரயில் அவரை ஏற்றிக்கொண்டது, ஸ்டேஷன் அவரைத் தள்ளிவைத்தது.

தெற்கேயும் கதை வேறல்ல. ரயில்வே உணவு விடுதிகளில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்று பலகை மாட்டியிருந்தார்கள். அதை எதிர்த்துச் சுயமரியாதை இயக்கமும் நீதிக்கட்சியும் வருடக்கணக்கில் போராடின. பெரியாரின் போராட்டத்துக்குப் பிறகு 1941இல்தான் அந்தப் பிரிவினை எடுக்கப்பட்டது. அதாவது தனுஷ்கோடி ஸ்டேஷன் இயங்கிய ஐம்பது வருடங்களில் முதல் இருபத்தேழு வருடங்கள், தென்னிந்திய ரயில்வேயில் சாப்பாட்டு மேசைக்கும் சாதி இருந்தது.

கடலைத் தாண்டினால் சாதி கெட்டுவிடும் என்றன தரும சாஸ்திரங்கள். மேல்சாதிக்காரர் அதற்குப் பயந்தார். நம் முன்னோர்களுக்கு அந்தப் பயம் எதற்கு? இழப்பதற்கு அவர்களிடம் என்ன சாதிப் பெருமை இருந்தது? போய்விட்டால் நிம்மதி என்றுதான் ஏறியிருப்பார்கள். ஆனால் சாதி கப்பலேறி அக்கரைக்கும் வந்துவிட்டது. தோட்டத்தில் லயம் ஒதுக்கும்போதே சாதி பார்த்து ஒதுக்கினார்கள். கங்காணியின் சாதிக்கு ஒரு வரிசை, தாழ்த்தப்பட்டவருக்கு இன்னொரு வரிசை. வெள்ளைக்காரத் துரைக்கு இது வசதியாக இருந்தது. தொழிலாளி பிரிந்து கிடந்தால் முதலாளிக்கு என்ன நட்டம்?

இதைக் கேட்டுவிட்டு, போனது முழுவதும் ஏமாந்து போனது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அது அந்த மக்களைக் குறைத்து மதிப்பிடுவதாகும். பண்ணையாளாகப் பிறந்து பண்ணையாளாகச் சாக வேண்டியவருக்கு, ஊரைவிட்டுப் போக ஒரு வழி இருக்கிறது என்பதே பெரிய ஆயுதம். ஆட்கள் எல்லாம் கண்டிக்கும் பினாங்குக்கும் போகிறார்கள், வயலுக்கு ஆள் இல்லை என்று தஞ்சை மிராசுதாரர்கள் அரசாங்கத்திடம் புலம்பினார்கள். அவர்கள் புலம்பியதே நமக்குச் சாட்சி. கையில் காசோடு திரும்பி வந்து துண்டு நிலம் வாங்கியவர்கள் உண்டு. தோட்டத்திலேயே சங்கம் கட்டி உரிமை கேட்டவர்கள் உண்டு. அடிமைத்தனத்திலிருந்து தப்பிக்க இன்னோர் அடிமைத்தனத்தின் வழியாகப் போக வேண்டியிருந்தது என்பதுதான் கொடுமை.

அதே காலத்தில் மதுரைக்கு மேற்கே என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிறமலைக் கள்ளர்களைக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்து, கைரேகை எடுத்து, அனுமதிச் சீட்டு இல்லாமல் ஊரைவிட்டு நகரக் கூடாது என்றது அரசு. எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தார்கள். ஒரே அரசு கிழக்கே போகிறவர் கழுத்தில் தகர வில்லையை மாட்டி நகர்த்தியது, மேற்கே இருப்பவரின் விரலில் மை தடவி நகராதே என்றது. பிறப்பை வைத்து மனிதரை முத்திரை குத்தினால் என்ன ஆகும் என்று இந்த இரண்டு பக்கத்துப் பேரப்பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தால் இன்றைக்கு நம் மாவட்டங்களில் ஒருவர் மேல் ஒருவர் அரிவாள் தூக்க மாட்டார்கள்.

இனி, போனவர்கள் எப்படித் திரும்பினார்கள் என்பதற்கு வருவோம். 1939இல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் போவதைத் தடை செய்தது. 1946 கணக்கெடுப்பின்படி அங்கே இந்திய வம்சாவளித் தமிழர் ஏழு லட்சத்து எண்பதாயிரம் பேர். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் 7 பேர் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். அடுத்த வருடமே, 1948இல், குடியுரிமைச் சட்டம் வந்தது. அவர்களில் ஆகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். பிறகு ஓட்டும் போனது. மூன்று தலைமுறையாக அந்த மலையைத் தேயிலையால் மூடியவர்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை என்று ஆனது.

1964 அக்டோபர் 30 அன்று டெல்லியில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்றவர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பேசிக்கொள்வது என்று இரு நாடுகளும் பங்கு போட்டன. அந்த மக்களில் ஒருவரிடமும் எங்கே வாழ விருப்பம் என்று கேட்டுவிட்டு இந்த எண்ணிக்கை எழுதப்படவில்லை. 1974இல் இந்திரா - சிறிமாவோ ஒப்பந்தம் மிச்சமிருந்தவர்களை ஆளுக்குப் பாதியாக, 75,000 என்று பிரித்தது.

தேதிகளைக் கவனியுங்கள். அக்டோபர் 30இல் ஒப்பந்தம். டிசம்பர் 22இல் புயல். இரண்டு மாதத்துக்குள் தனுஷ்கோடி ஸ்டேஷன் இல்லை. பாம்பன் பாலத்தை 46 நாட்களில் சரிசெய்துவிட்டார்கள். தனுஷ்கோடிப் பாதையைக் கைவிட்டார்கள். மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. மீனவர்கள் மட்டும் குடிசை போட்டு அங்கேயே தங்கினார்கள். வாழத் தகுதியில்லை என்று சொன்ன அரசு மின்சாரமும் குடிநீரும் கொடுக்காமலே அவர்களைப் பல பத்தாண்டுகள் விட்டுவைத்தது.

ஸ்டேஷன் போனதால் பயணம் நிற்கவில்லை. திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கினார்கள். மலையகத்தில் ரயிலைக் கோச்சி என்பார்கள். தலைமன்னாருக்கு இவர்களை ஏற்றிவந்த வண்டிக்கு அங்கே வைத்த பெயர் ‘அழுகைக் கோச்சி’. அண்ணன் இந்தியாவுக்கு, தம்பி இலங்கைக்கு என்று ஒரே குடும்பம் ஸ்டேஷனில் பிரிந்தது. 1984 வரை கப்பல் ஓடியது. வந்தவர்கள் இறக்கப்பட்ட இடம் எது தெரியுமா? மண்டபம் முகாம். தாத்தாவை அனுப்பிய அதே முகாம்தான் பேரனை வரவேற்றது. 1983க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்த அகதிகளையும் அதே முகாம் வாங்கிக்கொண்டது.

வந்தவர்களில் ஒரு பகுதியினரை நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். மறுபடி கொழுந்து, மறுபடி லயம். இன்னொரு பகுதியினர் சிறு கடனை வாங்கிக்கொண்டு முன்னோர் விட்டுப்போன ஊருக்குத் திரும்பினார்கள். அங்கே அவர்களுக்காகக் காத்திருந்தது அதே சேரி. தாத்தாவின் பெயர் யாருக்கும் நினைவில்லை, தாத்தாவின் சாதி மட்டும் எல்லோருக்கும் நினைவிருந்தது. அக்கரையில் கள்ளத்தோணி என்ற வசவு, இக்கரையில் சிலோன்காரன் என்ற அடைமொழி.

இது பழங்கதை அல்ல. இந்திய வம்சாவளி என்று ஒப்பந்தத்திலேயே ஒத்துக்கொள்ளப்பட்ட மலையகத் தமிழரில் ஒரு பகுதியினர் அகதிகளாக வந்து, இன்றும் தமிழ்நாட்டு முகாம்களில் குடியுரிமை இல்லாமல் இருக்கிறார்கள். திருச்சி முகாம்களில் இருந்தவர்கள் தொடுத்த வழக்கில், அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலித்து முடிவெடுக்கும்படி 2019இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதே வருடம் டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருக்கின்றன. இலங்கை இல்லை. 2021இல் தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பெயர் மாறியதை வரவேற்போம். ஆனால் குடியுரிமை இல்லாதவருக்கு எந்த மறுவாழ்வும் பாதிதான்.

ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மறுபடி ரயில் விடுவோம் என்று 2019இல் பிரதமர் அடிக்கல் நாட்டினார். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலமும் திறந்தாகிவிட்டது. இந்த விழாக்களில் ராமர் இருக்கிறார், பொறியியல் இருக்கிறது, சுற்றுலா வருமானம் இருக்கிறது. கழுத்தில் தகர வில்லையோடு அந்தப் பாலத்தைக் கடந்தவர்கள் இல்லை. நாம் கேட்க வேண்டியது இதுதான்: அந்த இடிந்த ஸ்டேஷனுக்கு முன்னால், இந்த வழியாகத்தான் தோட்டத் தொழிலாளர்கள் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள் என்று தமிழில் ஒரு பலகை வையுங்கள். மண்டபம் முகாமின் நூற்றாண்டு வரலாற்றை அரசு செலவில் ஆவணப்படுத்துங்கள். முகாம்களில் இருக்கிற மலையகத் தமிழருக்குக் குடியுரிமை கொடுங்கள்.

அரசு செய்கிற வரைக்கும் நாம் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரில் கண்டிச் சீமைக்குப் போனவர்கள் வீடு எது என்று பெரியவர்களிடம் கேளுங்கள். சிலோன் காலனி என்று எத்தனையோ ஊர்களில் தெருக்கள் இருக்கின்றன. அங்கே போய் உட்காருங்கள். பழைய பாஸ்போர்ட், தாயகம் திரும்பியோருக்குக் கொடுத்த குடும்ப அட்டை, கடிதங்கள், ஒருவேளை ஒரு டின் டிக்கெட்கூட டிரங்குப் பெட்டியின் அடியில் இருக்கலாம். அதைப் படம் எடுங்கள். அந்த அம்மா சொல்வதைப் பதிவு செய்யுங்கள். கங்காணி பெயர், தோட்டத்தின் பெயர், ஊரைவிட்டுப் போன காரணம் எல்லாவற்றையும் எழுதுங்கள். போன காரணத்தைக் கேட்கும்போது பஞ்சம் என்பார்கள். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் சாதியைச் சொல்வார்கள்.

அடுத்த முறை தனுஷ்கோடிக்குப் போகும்போது ஸ்டேஷன் சுவருக்குப் பக்கத்தில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். கூட வந்திருக்கும் நண்பருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.